கேனோடு கல்வராயன் மலைக்கு...

கள்ளக்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மச்சினன் சொன்ன முதல் வார்த்தை "வாங்க மாமா" இல்லை. "மீன் இளைச்சுக்கிட்டே வருது மாமா!"

வீட்டில் நான்கடிக் கண்ணாடித் தொட்டி. உள்ளே இருப்பது கடல் மீன்! கடல் எங்கே, கள்ளக்குறிச்சி எங்கே? கிட்டத்துக் கடல் என்றால் கடலூர், அதுவே சுமார் 100 கிலோமீட்டர். "2019-ல நம்ம மாவட்டத்தைப் பிரிச்சாங்க. மரக்காணம் கடற்கரை விழுப்புரத்தோடயே போயிடுச்சு. அதான் நான் ஒண்ணு வச்சுக்கிட்டேன்" என்றான்.

இந்தக் கடலை அவனே தயாரிக்கிறான். வடிகட்டிய தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம், கடல் மீனுக்கென்றே விற்கிற உப்பு. சமையல் உப்பு சரிப்படாது. கடல் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் என்று இன்னும் என்னென்னவோ இருக்க வேண்டும். வெறும் சோடியம் குளோரைடு போட்டால் ஊறுகாய்தான்.

போன மாதங்களில் தொட்டி முழுக்கப் பாசி படிந்து பச்சைப் பசேலென்று ஆகிவிட்டதாம். சென்னை கொளத்தூருக்குப் போயிருக்கிறான். தெருத்தெருவாக மீன் கடைகள் இருக்கும் ஊர். பாசி தின்னும் 'லான்மோவர் பிளென்னி' ஒன்றை ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். லான்மோவர் என்றால் புல் வெட்டும் மெஷின். பெரிதாக வளர்ந்தாலே சுமார் 14 சென்டிமீட்டர்தான். பழுப்பு உடம்பு, தவளை மாதிரி உச்சந்தலையில் கண், சீப்பு மாதிரி மெல்லிய பற்கள். பாறையில் உட்கார்ந்து, ஆபீஸுக்கு லேட்டாக வருகிறவனை ஹெட்கிளார்க் பார்ப்பதுபோல் நம்மைப் பார்க்கும்.

அது இரண்டே மாதத்தில் தொட்டியைப் பளிங்காக்கிவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பம். பெண்டிங் ஃபைலையெல்லாம் முடித்த குமாஸ்தாவுக்காவது சம்பளம் வரும். பாசி தீர்ந்த தொட்டியில் இதற்குப் பட்டினிதான். கடைத் தீவனத்தைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு உள்ளே ஒட்டிப்போயிருந்தது. கடல் மீன் வளர்க்கிறவர்கள் கைகளில் இந்த ஜாதி அநேகமாகச் சாவது இப்படித்தான்.

"மலையில அருவிப் பாறையெல்லாம் பாசி மாமா. அள்ளிட்டு வந்துடலாம்!"

ஞாயிறு காலை பைக்கில் கிளம்பினோம். பின்னால் நான், என் இரண்டு கையிலும் இரண்டு காலி கேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துவிட்டு மலையேறும் முன்பே போலீஸ் நிறுத்தியது.

"மலைக்குக் காலி கேன் எதுக்கு?"

"பாசி அள்ள ஸார்."

அவர் சிரிக்கவில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்த ஊர். இந்த மலையில் கேனைத் தூக்கிக்கொண்டு போனால் யாருக்கும் வேடிக்கையாக இருக்காது. ஆபீஸ் ஐடி கார்டைக் காட்டிய பிறகுதான் விட்டார்.

வளைந்து வளைந்து ஏறினால் காற்று ஜில்லென்று முகத்தில் அடிக்கிறது. வெள்ளிமலை போகிற ரோட்டோரத்திலேயே பெரியார் அருவி. மழை பெய்து ஓய்ந்திருந்ததால் நல்ல தண்ணீர். வழவழவென்று பாறை. கீழே தேங்கிய தண்ணீரில் விரல் நீளத்துக்குக் குட்டி மீன்கள் கல்லோடு வாயை ஒட்டிப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தன. மச்சினனின் மீன் செய்கிற அதே வேலை, உப்பில்லாத தண்ணீரில்! அவன் கண் கலங்கிவிட்டது.

அவன் சுரண்ட ஆரம்பிக்கும்போது அந்தப் பக்கம் வந்த பெரியவர் நின்றார். மலையாளி இனத்தவர். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று இவர்கள் சொல்லிக்கொள்வது வழக்கம்.

"அத எடுத்துட்டுப் போயி என்னா பண்ணுவீங்க?"

"கடல் மீனுக்குங்க ஐயா. உப்புத் தண்ணியில போடணும்."

"உப்புலயா? செத்துப் போயிடுமே! படிக்கட்டுல பாசி வழுக்குனா நாங்க உப்பத்தானே தூவறோம்!"

நானும் மச்சினனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேரும் பி.எஸ்ஸி. நன்னீர்ப் பாசியைக் கடல் தண்ணீரில் போட்டால் அதன் உடம்பிலிருக்கும் தண்ணீரையெல்லாம் உப்பு வெளியே இழுத்துவிடும். செத்த பாசி அழுகும், அம்மோனியா ஏறும், பட்டினியில் கிடக்கும் மீன் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இறங்கும்போது அதே போலீஸ்காரர். காலி கேனைப் பார்த்தார். "பாசி கிடைக்கலியா?" இப்போது சிரித்தார்.

அன்று சாயங்காலமே தொட்டியிலிருந்த பாறைகளில் பாதியை எடுத்தான். மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் உப்புத் தண்ணீர், அதில் பாறைகள், மேலே வெயில். கடல் பாசி அதிலேயே முளைத்துக்கொள்ளும். பச்சை பிடித்த கல் தொட்டிக்குப் போகும், மொட்டையான கல் மாடிக்கு வரும். தண்ணீர் ஆவியானாலும் உப்பு டப்பிலேயே தங்கிவிடும், அதனால் குறைகிற அளவுக்குத் தினமும் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அதுவரைக்கும் தாங்க, காய்ந்த கடற்பாசித் தாளைக் கல்லில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி உள்ளே இறக்கினான். முதல் இரண்டு நாள் மீன் அதைச் சீண்டவில்லை. மூன்றாம் நாள் ஓரத்தைக் கடித்ததாம்.

மூன்று வாரம் கழித்து போன். "மாமா! கண்ணாடி பூரா உதட்டு அடையாளம்!"

இந்த மீன் பாசியைச் சுரண்டிய இடத்தில் முத்தம் கொடுத்த மாதிரி தடம் விழும். கண்ணாடியிலும் பாசி வந்திருக்கிறது, மீனும் மேய்கிறது. வயிறு எப்படி என்று கேட்டேன்.

"உருண்டையா இருக்கு மாமா!"

பின்னாலிருந்து தங்கச்சியின் குரல்: "மாடியில வடாம் காயப் போட இடமில்ல, அதையும் சொல்லுங்க!"