பென் டிரைவுக்கு ஒரு பூட்டு

ஆடிட்டிங் பாடத்துல இன்டர்னல் கன்ட்ரோல்னு ஒரு கேள்வியை எல்லாரும் மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. பணம் வாங்குற ஆளே கணக்கும் எழுதக்கூடாதுன்னு. அதே விஷயம் கம்ப்யூட்டரோட யுஎஸ்பி போர்ட்டுக்கும் பொருந்தும். பி.காம்காரனுக்கு இதுல என்ன வேலைன்னு கேட்காதீங்க. டேலி ஓடுற இடத்துல எல்லாம் பென் டிரைவும் இருக்கும்ல!

எனக்குத் தெரிஞ்ச ஒரு கணக்கு அலுவலகம். அங்க ஒரு கஸ்டமரோட டேலி டேட்டா எப்படியோ வெளியே போயிடுச்சு. சந்தேகம் நேரா என்ட்ரி போடுற அக்கா மேல விழுந்தது. ஏன்னா, அன்னைக்குக் கடைசியா சிஸ்டத்துல உட்கார்ந்தது அவங்கதான். அவ்வளவுதான் ஆதாரம்! அங்க நாலு பேரும் ஒரே அட்மின் பாஸ்வேர்டுலதான் நுழைவாங்க. யார் என்ன செஞ்சாங்கன்னு எந்தப் பதிவும் கிடையாது. எடுத்தாங்கன்னும் நிரூபிக்க முடியல, எடுக்கலைன்னும் நிரூபிக்க முடியல. ரெண்டே மாசத்துல அக்கா வேலையை விட்டுட்டாங்க.

அப்புறம்தான் பூட்டு பத்தின பேச்சே வந்தது. போர்ட்டுல எம்-சீல் வச்சு அடைச்சிடலாம்னு ஒருத்தர் சொன்னார். ரிட்டர்ன் ஃபைல் பண்ற அன்னைக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை எங்க சொருகுறதாம்?

கடைசியில ஒரு டெக்னீஷியன் வந்து ரெஜிஸ்ட்ரியில 'யுஎஸ்பிஸ்டோர்'ங்கிற இடத்துல 'ஸ்டார்ட்' மதிப்பை 3-லேர்ந்து 4-ஆ மாத்திட்டுப் போனார். பென் டிரைவ் வேலை செய்யாது, கீபோர்டும் மவுஸும் செய்யும். ஆனா போனைக் கேபிள்ல மாட்டினா அது வேற வழியில உள்ளே வரும், இந்தப் பூட்டு அதைத் தொடவே தொடாது. அதைவிடப் பெரிய கூத்து, அட்மின் பாஸ்வேர்ட் தெரிஞ்ச யாரும் அந்த 4-ஐ மறுபடி 3 ஆக்கிடலாம். அங்கதான் நாலு பேருக்கும் தெரியுமே :-)

நான் வார்த்தைக்கு வார்த்தை வாதாடினது இதுக்குத்தான்: முதல்ல ஆளுக்கு ஒரு லாகின், அட்மின் உரிமை இல்லாம. அடுத்து விண்டோஸ் ப்ரோவுல இருக்குற குரூப் பாலிசியில (ஹோம் எடிஷன்ல இந்த எடிட்டர் வராது) படிக்கலாம், எழுதக்கூடாதுன்னு தனியாவே சொல்லலாம். கஸ்டமர் கொண்டு வர்ற பில் ஃபைலைத் திறக்கலாம், நம்ம டேட்டாவை அதுல ஏத்த முடியாது. போனுக்கும் அங்கேயே தனி விதி இருக்கு. மூணாவதா, ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆடிட்டை ஆன் பண்ணணும். விண்டோஸ் 8-லேர்ந்து இருக்குற வசதி இது. பென் டிரைவ்ல எந்த ஃபைலை எந்த லாகின் தொட்டதுன்னு 4663-ங்கிற எண்ல பதிவாகும். அந்த ஒரு வரி இருந்திருந்தா அக்கா பக்கம் ஏதாவது பேசியிருக்கும்.

முழுப் பாதுகாப்புன்னு சொல்லிட முடியாது. நான் யாருங்கிறதை யுஎஸ்பி கருவி தானேதான் சொல்லிக்கும், பில் இல்லாத வவுச்சர் மாதிரி. பென் டிரைவையே கீபோர்டா நடிக்க வைக்கலாம்னு 2014-ல பிளாக் ஹாட் மாநாட்டுல கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் ரெண்டு பேரும் செஞ்சே காட்டினாங்க.

லாகின் பிரிக்கிறதுக்கு முதலாளி ஒத்துக்கிட்டார். ஆனா அவர் சிஸ்டத்துல மட்டும் பூட்டும் வேண்டாம், பதிவும் வேண்டாமாம். பூட்டு வேண்டாம்னா விட்டுடலாம் சார், பதிவு மட்டும் ஓடட்டும்னேன். யோசிச்சுச் சொல்றேன்னார். இன்னும் யோசிச்சுட்டு இருக்கார்.