இலையைப் பெருக்காத பூங்கா

அறுபது தாண்டியவர்களுக்குப் பூங்கா என்றால் ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் கிளம்பிப் போய்ச் சில சுற்று நடப்பது, பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கரை அளவையும் பிள்ளைகளையும் பற்றி நாலு வார்த்தை பேசுவது, வெயில் ஏறுமுன் வீடு திரும்புவது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடம்புக்கு நல்லது, பேச ஆள் கிடைப்பது மனசுக்கு அதைவிட நல்லது. ஆனால் நம் வயதுக்காரர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டிய பூங்கா வேறு வகை. சென்னையில் அடையாறு கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் தொல்காப்பியப் பூங்காவைச் சொல்கிறேன். பசுமைவழிச்சாலைப் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினால் அதிக தூரமில்லை. செடியைக் குடை போலக் கத்தரித்து, வரிசையாகத் தொட்டி அடுக்கிய பூங்கா அல்ல அது. சேறு, உப்புத்தண்ணீர், கோரை, புதர், பறவை எச்சம், மட்கும் இலை எல்லாம் சேர்ந்த கழிமுகக் காடு.

அந்த இடம் முன்பு எப்படிக் கிடந்தது என்பது மந்தைவெளிப் பக்கம் நெடுநாளாகக் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அடையாற்றின் கிளையாக உள்ளே வளைந்து வரும் கழி அது. பகலில் சாக்கடை வந்து சேரும், இரவில் லாரி வந்து சேரும். ஊரில் எந்த வீட்டை இடித்தாலும் அதன் செங்கல்லும் சுண்ணாம்பும் ஏதாவது ஒரு நீர்நிலைக்குத்தான் போகும். இந்தக் கழிக்கும் அதில் பெரிய பங்கு கிடைத்தது. மேடு தட்டிய இடத்தில் சீமைக் கருவேலம் முளைத்தது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்வது அனிச்சைச் செயலாகவே ஆகிவிட்டது. எங்கள் பிள்ளைகள் தலைமுறைக்கு ஆறு என்றால் நாற்றம் என்று பழகிப் போனதற்கு நாங்கள்தான் சாட்சி.

பிறகு அரசு அந்த இடத்தை மீட்க முடிவெடுத்தது. இன்றைக்குச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று பெயர் கொண்ட அமைப்பு அதற்காகத்தான் உருவானது. ஆரோவில்லில் காடு வளர்த்துத் தேர்ந்த பிச்சாண்டிகுளம் குழுவினர் திட்டம் வகுத்தார்கள். முதற்கட்டமாக 58 ஏக்கர் சீரமைக்கப்பட்டு, 2011 ஜனவரியில் அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். முகத்துவாரத்தை ஒட்டிய 300 ஏக்கர் அடுத்த கட்டத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது.

அவர்கள் வேலை செய்த வரிசைதான் எனக்கு முக்கியம். முதலில் மரம் நடவில்லை. கொட்டியதை அள்ளினார்கள். தூர்ந்த இடத்தைத் தோண்டித் தண்ணீர் நிற்கவும் நகரவும் இடம் கொடுத்தார்கள். கடல் நீர் உள்ளே வந்து போகும் வழியைத் திறந்தார்கள். அதன் பிறகே இந்த மண்ணுக்கு உரிய மரமும் செடியும் கொடியும் நட்டார்கள். மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன், அயல்நாட்டு அலங்கார மரங்களை நட்டு நாட்டு மரங்களை மறக்கிறோமே என்று காலமெல்லாம் எழுதினார். 1996-இல் அவர் காலமானார். இந்தக் கரையில் நாட்டு மரங்கள் கிளை பரப்பி நிற்பதை அவர் பார்க்கவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

பேரனை அங்கே கூட்டிப் போயிருந்தேன். முதல் பத்து நிமிஷம் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “தாத்தா, இங்க என்ன பண்றது?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். நீர் வற்றியிருந்த நேரம். வழிகாட்ட வந்த பெண் அவனைச் சேற்றோரம் குந்தச் சொல்லி, “பேசாமப் பாரு கண்ணா” என்றார். முதலில் வெறும் சேறுதான் தெரிந்தது. சற்று நேரத்தில் சேற்றில் இருந்த சின்னச் சின்ன வளைகளிலிருந்து நண்டுகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. விரல் நகம் அளவு உடம்பு. ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குச் சமமாகப் பருத்திருந்தது. அந்தக் கொடுக்கை மேலே தூக்கித் தூக்கி ஆட்டியது ஒன்று. “அது என்னைக் கூப்பிடுதா?” என்றான் பேரன். “இல்லடா, ஜோடி தேடுது. இன்னொரு ஆண் நண்டு வந்தா, கிட்ட வராதேன்னும் இதே கையாலதான் சொல்லும்” என்றார் அவர். சின்னக் கொடுக்கால் சேற்றைக் கிள்ளி வாயில் வைத்து, தின்னத் தக்கதை எடுத்துக்கொண்டு, மீதியைக் கடுகு மணி போல உருட்டி வெளியே வைத்தது அந்த நண்டு. வளையைச் சுற்றி அப்படி நூற்றுக்கணக்கான மணிகள். நீர் ஏறும்போது வளைக்குள் போய்ச் சேற்றால் வளையின் வாயை அடைத்துக்கொள்ளுமாம். அரை மணி நேரம் அந்தப் பையன் எழுந்திருக்கவில்லை.

கொஞ்சம் தள்ளி வெண்கண்டல் செடிகள். அவற்றைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேல் நோக்கி நின்றன. கழிச் சேற்றில் காற்றுப் புகாது. அதனால் வேரே வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொள்கிறது. உறிஞ்சும் உப்பை இலை வழியாக வெளியேற்றிவிடும். வெயில் நேரத்தில் இலையை விரலால் தடவினால் உப்புப் பொடி ஒட்டும். பேரன் விரலை நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். பிறகு இன்னொரு இலையையும் தடவினான்.

சென்னைக் கரையில் கடல் ஏற்ற இறக்கம் அப்படி ஒன்றும் பெரிதல்ல, ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் நாளுக்கு இரண்டு முறை தவறாமல் நடக்கிறது. அந்த ஒரு மீட்டர் செய்யும் வேலையை எந்த இயந்திரமும் இத்தனை காலம் ஓய்வில்லாமல் செய்துவிட முடியாது. ஆகாயத்தாமரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரி, குளங்களில் அதை அள்ளி அள்ளி மாளவில்லை. மழை வெள்ளத்தில் அடையாறு வழியாகத் திட்டுத் திட்டாக மிதந்து வரும் அந்தச் செடி, கடலின் உப்பு சேரும் இடத்துக்கு வந்ததும் பழுத்துக் கருகிப் போகும். உப்பை அதனால் தாங்க முடியாது. அங்கே கடலுக்கு வழி திறந்திருந்தால் போதும். மணல்மேடு கட்டி முகத்துவாரம் அடைபட்டுப் போகும் மாதங்களில் என்ன ஆகிறது என்பதை ஆற்றின் நாற்றமே சொல்லிவிடும்.

இனி இலைக்கு வருகிறேன். நடக்கும் பாதையைத் தவிர, மரத்தடியில் விழுந்த இலை விழுந்தபடியே கிடக்கிறது. காற்றில் சாய்ந்த கிளையையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். எங்களோடு வந்த ஒரு பெரியம்மா, “ஆள் வச்சுச் சுத்தம் பண்ணக் கூடாதா?” என்று வருத்தப்பட்டார். வீடு வாசலை ஆயுசு முழுக்கப் பெருக்கியே பழகிய கை அது. அவர் வருத்தம் நியாயமானதுதான். வழிகாட்டும் பெண் பொறுமையாகச் சொன்னார். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் இமயமலை அடிவாரத்திலிருந்து ஆறுமணிக்குருவி தெற்கே வருகிறது. மைனா அளவு பறவை. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, குட்டை வால். விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். ராத்திரியெல்லாம் பறந்து களைத்து, நகரத்து வீடுகளின் ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுவதும் உண்டு. அது கிளையில் பூச்சி தேடுவதில்லை. தரையில் இறங்கி, மட்கிய இலையைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் தின்கிறது. தரையைப் பெருக்கிவிட்டால் அதற்குச் சாப்பாடு இல்லை. பெரியம்மா கேட்டுவிட்டு, “அப்போ கிடக்கட்டும்” என்றார். நூற்றுக்கணக்கான மைல் பறந்து வரும் ஒரு ஜீவனுக்காகத் துடைப்பத்தைக் கீழே வைக்க அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. அந்த மனசு எனக்கு வாய்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பெரியவர்களாகிய நமக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர். அவர் மகன் கொரோனா காலத்தில் கடையை மூடிவிட்டு, மனைவி குழந்தையோடு பெற்றோர் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். நண்பர் நல்ல மனிதர், மகன் மேல் உயிர். காலையில் அவனை எழுப்பிவிடுவார், வேலை விளம்பரங்களைக் கத்தரித்து மேஜையில் வைப்பார், தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு அவனைப் பேசச் சொல்வார், ராத்திரி சாப்பாட்டின்போது கடை ஏன் நொடித்தது என்று கணக்குக் கேட்பார். மகன் அறையை விட்டு வெளியே வருவதே குறைந்தது. அவர் மனைவி செய்தது இரண்டு காரியம். வளையலை விற்று வட்டிக்காரன் பாக்கியைத் தீர்த்தார். முன்னறையை மகன் குடும்பத்துக்கு ஒழித்துக் கொடுத்து, வாசல் சாவி ஒன்றையும் அவன் கையில் கொடுத்தார். அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. கணவரையும் கேட்க விடவில்லை. எத்தனையோ மாதம் ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருந்தது. இப்போது அவன் எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறான். பெரிய வருமானமில்லை, ஆனால் அந்த வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

அந்த அம்மாள் பூங்காவைப் பார்த்தவர் அல்ல. ஆனாலும் அவர் செய்தது அங்கே நடந்த அதே வரிசை. பாரத்தை அகற்றுவது நம் பொறுப்பு. வழியைத் திறப்பதும் நம் பொறுப்பு. அதற்கு மேல் முளைப்பது எது, எப்போது முளைக்கும் என்பது நம் கையில் இல்லை. நம்மில் பலருக்கு முதல் இரண்டையும் செய்யப் பொறுமை இல்லை. மூன்றாவதில் மட்டும் ஓயாமல் கை வைத்துக்கொண்டிருக்கிறோம். அறிவுரை சொல்வது சுலபம், வட்டியை அடைப்பது கஷ்டம் என்பதும் ஒரு காரணம்.

சும்மா இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 58 ஏக்கர் மீண்டதால் அடையாறு மீண்டுவிடவில்லை. ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடி வருகிற ஆறு அது. வழி நெடுகச் சாக்கடை கலக்கிறது, கரை நெடுக ஆக்கிரமிப்பு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரும், ஏரிக்குக் கீழே சேர்ந்த மழை வெள்ளமும் ஒன்றாக வந்தபோது, ஆற்றுக்கு நாம் விட்டுவைத்த இடம் போதவில்லை. சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகள் மூழ்கியதை எந்தத் தலைமுறையும் மறக்கக் கூடாது. பெசன்ட் நகர்ப் பக்கம் நிற்கும் உடைந்த பாலமும் 1977 வெள்ளத்தில் ஆறு அடித்துக்கொண்டு போனதுதான். ஆறும் கழியும் சதுப்பும் வெள்ளம் பரவி நிற்க ஏற்பட்ட இடங்கள். அவற்றில் கல்லையும் மண்ணையும் கொட்டுகிறவர் யார்?

நாம்தான் கொட்டுகிறோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சென்னையில் இப்போது பழைய வீடுகள் மளமளவென்று இடிபட்டு அடுக்குமாடிகள் ஆகின்றன. இடிப்பவர்கள் பெரும்பாலும் நம் தலைமுறை வீட்டுக்காரர்கள். கையெழுத்துப் போடுவது நாம். பட்டா, பங்கு, சதுர அடி, கார் நிறுத்துமிடம் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறோம். தாத்தா கட்டிய வீட்டின் இடிபாடு எங்கே போகிறது என்று கேட்பவர் ஆயிரத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். கட்டடக் கழிவுகளுக்கென்று மத்திய அரசு 2016-இல் விதிகள் கொண்டு வந்தபோதே, கழிவை உண்டாக்குகிறவருக்கே பொறுப்பு என்று சொல்லிவிட்டது. மாநகராட்சி அதற்கென்று கொட்டுமிடங்களைக் குறித்திருக்கிறது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை அரைத்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. வழி இருந்தும் லாரிகள் இருட்டில் நீரோரம் தேடிப் போவதற்கு நம்முடைய கேளாமையும் ஒரு காரணம்.

அதனால் இரண்டு வேலை சொல்கிறேன். ஒன்று, அக்டோபர் பிறந்ததும் பேரப்பிள்ளைகளோடு அந்தப் பூங்காவுக்குப் போய் வாருங்கள். அனுமதி நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நீர் வற்றும் நேரம் அமைந்தால் நண்டு பார்க்கலாம். நாளுக்கு நாள் அந்த நேரம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும். பொட்டலம் வேண்டாம், பைனாகுலர் ஒன்று கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை ‘என்ன பண்றது’ என்று கேட்டால் பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். மற்றொன்று, உங்கள் வீட்டை இடிக்கவோ திருத்தவோ போகிறீர்கள் என்றால், அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்னால் ஒப்பந்தத் தாளில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: இடிபாடு முழுவதும் மாநகராட்சி குறித்த இடத்துக்கே போக வேண்டும், ஒவ்வொரு லோடுக்கும் ரசீது காட்ட வேண்டும் என்று. எங்கள் தெருவில் சில வீட்டுக்காரர்கள் இப்படி எழுதி வாங்கியிருக்கிறார்கள். மேஸ்திரி முதலில் முகம் சுளித்தார், லாரிக்காரர் கூலி ஏற்றிக் கேட்டார். கொடுத்தார்கள், ரசீது வந்தது.