மணல் காத்த நீர்

"மணலும் வெயிலும் அன்றி நம் ஊரில் வேறு என்ன இருக்கிறது?" என்று என் தாத்தா அடிக்கடி கூறுவார். அவர் இளமையிலேயே திருச்செந்தூர்ப் பக்கத்துச் சிற்றூரை விட்டு மும்பைக்கு வந்தவர். தாராவியில் தோல் பதனிடும் கூடம் ஒன்றில் உழைத்தவர். ஒருமுறையும் ஊருக்குத் திரும்பிச் சென்றதில்லை. அதனாலேயே அம்மண்ணைக் காண வேண்டும் என்ற ஆவல் எனக்குள் வளர்ந்தது.

கல்லூரியில் படித்த காலத்தில், ஒரு கோடை விடுமுறையில் அந்த ஆவல் நிறைவேறியது. மாட்டுங்காவிலிருந்து இருவரும் செம்பூரிலிருந்து ஒருவரும் என்னுடன் வந்தனர். தாதரில் தொடர்வண்டி ஏறித் திருநெல்வேலியில் இறங்கினோம். அங்கிருந்து திருச்செந்தூர் சென்று, அதற்குத் தெற்கே ஏறத்தாழ 18 கி.மீ. தொலைவிலுள்ள மணப்பாட்டை அடைந்தோம். அங்குக் கடலோரக் குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. ஊர்ப் பெரியவர்களிடம் இசைவு பெற்று, குடியிருப்புகளைக் கடந்து நெடுந்தொலைவு நடந்து, ஆளரவமற்ற கரையில் கூடாரம் அடிக்க முடிவு செய்தோம்.

வரும் வழியில் தேரிக்காட்டைக் கண்டோம். கடலுக்குச் சற்று உள்ளே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்மணல் மேடுகள், இடையிடையே பனைகள். மணல் துகள்களின்மேல் படிந்துள்ள இரும்பு ஆக்சைடே அச்செந்நிறத்திற்குக் காரணம். பல்லாயிரம் ஆண்டுகளாகக் காற்று கொண்டுவந்து குவித்த மணல் அது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுவதைப் படித்திருக்கிறோம். இங்கோ நெய்தலுக்கு அருகிலேயே பாலை போன்றதொரு நிலம் விரிந்து கிடந்தது!

கடற்கரை மணலில் கூடாரத்தின் முளைகள் நிற்கவில்லை. ஆகவே, பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றால் கட்டிப் புதைத்தோம். அப்படியும் நள்ளிரவில் வீசிய காற்று கூடாரத்தைச் சாய்த்துவிட்டது. விடிந்து பார்த்தபோது நீர்க்கலன் கவிழ்ந்து கிடந்தது. மூடியை இறுக்காமல் விட்டவன் நான்தான். நாங்கள் சுமந்து வந்த நீர் முழுவதையும் மணல் குடித்திருந்தது.

மணப்பாட்டை நோக்கி உடனே புறப்பட்டோம். வெயில் ஏறியது. பாதி வழியில் செம்பூர் நண்பனுக்குத் தலை சுற்றியது, கால்கள் தள்ளாடின. அவனைக் கைத்தாங்கலாக நடத்திச் சென்றபோது, என் கவனக்குறைவு என் நெஞ்சைச் சுட்டது.

அப்போது பனங்காட்டுப் பக்கமிருந்து பனையேறும் முதியவர் ஒருவர் வந்தார். நண்பனை நிழலில் அமர்த்தி, ஓலைப் பட்டையில் பதநீர் வார்த்துக் கொடுத்தார். பின்னர், ஒரு மணல்மேட்டின் அடிவாரத்திற்கு எங்களை அழைத்துச் சென்று கைகளால் தோண்டினார். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமானது. சிறிது நேரத்தில் நீர் ஊறியது. கலங்கல் தெளியும்வரை காத்திருந்து அருந்தினோம். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அந்நீரில் உப்பில்லை!

நான் இன்னும் ஆழமாகத் தோண்ட முற்பட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும் தம்பி. மழைத்தண்ணீர் மேலே நிற்கிறது; உப்புத்தண்ணீர் கீழே கிடக்கிறது. பேராசைப்பட்டுத் தோண்டினால் உப்புத்தான் மேலே வரும்" என்றார்.

அவர் கூறியது அறிவியல் உண்மை. மணல் உறிஞ்சிய மழைநீர், கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அதன்மேல் மிதந்து நிற்கும். திருச்செந்தூர்க் கடலோரத்து நாழிக்கிணற்றில் நன்னீர் கிடைப்பதைக் கண்டு வியப்போர் பலர். அளவின்றி நீரை இறைத்தால், கீழுள்ள உவர்நீர் மேலேறிக் கிணறுகள் கெடும்.

மும்பை திரும்பியதும் தாத்தாவிடம் அனைத்தையும் கூறினேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஊற்றுத் தோண்டி நீர் எடுத்தவன்தான் நானும். பிழைப்பு இல்லாமல்தான் ஊரை விட்டேன். மண்ணைக் குறை சொன்னால் பிரிவு வலிக்காது என்று நினைத்தேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "தேரி இன்னும் அப்படியே சிவப்பாக இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அடுத்த விடுமுறையில் அவரையும் அழைத்துச் செல்வதாகச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

இன்றும் விடியற்காலையில் எங்கள் சந்தின் குழாயில் நீர் வரும்போது குடங்கள் வரிசையில் நிற்கின்றன. என் குடத்தை நிரப்பி மூடியபின், மூடி இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.