சாயம் போகாத படம்

தை பிறந்தால் என் மகளுக்குக் கல்யாணம். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறாள். "அம்மா, போட்டோவெல்லாம் ஃபிலிம்லயே எடுத்துக்கலாம். அந்தக் கலரே தனி" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

1988-ல் என் கல்யாணத்துக்குப் போட்டோக்காரர் கொண்டு வந்தது நாலு ரோல். ரோலுக்கு 36 படம். கழுவி வந்தால்தான் எதுவும் தெரியும். மூணாவது ரோல் காமிராவுக்குள் சுற்றவே இல்லையாம்! தாலி கட்டியது, அருமைக்காரர் ஆசீர்வதித்தது எல்லாம் அதோடு போச்சு. "பணத்தைத் திருப்பித் தர்றேனுங்க" என்றார் பாவம். பணத்தை வைத்து என்ன செய்ய?

அப்படியானால் டிஜிட்டல்தானே என்பீர்கள். அதையும் கேளுங்கள். 2008-ல் நாத்தனார் மகன் கல்யாணம். ஆயிரத்துக்கு மேல் படம், எடுத்த உடனே பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் சிடியில் போட்டுக் கொடுத்தார்கள். பீரோவில் பத்திரமாகத்தான் இருந்தது. போன வருஷம் போட்டுப் பார்த்தால் ஓடவில்லை. அந்த மாதிரி சிடியில் பதிவைத் தாங்குவதும் ஒரு சாயப் பூச்சுதானாம். சாயப்பட்டறை ஊரில் வாழ்க்கைப்பட்டவளுக்குச் சாயம் வெளுப்பதை யாரும் சொல்லித் தரணுமா! என் கல்யாண ஆல்பமும் சிவந்துபோய்த்தான் கிடக்கிறது. அம்மாவின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம் மட்டும் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது. அதில் இருப்பது சாயமில்லை, வெள்ளி.

அப்பா காலமானபோது நானும் அவரும் நிற்கும் படத்தை ஆல்பத்தில் தேடினேன். முகமே வெளிறியிருந்தது. நல்லவேளை, நெகடிவ்களை ஒரு பனியன் பெட்டியில் வைத்திருந்தேன். ஏற்றுமதிப் பெட்டிகளில் போடுவார்களே, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், அதையும் உள்ளே போட்டிருந்தேன். கோயமுத்தூரில் ஸ்கேன் பண்ணிக் கொடுத்தார்கள். அப்பா மீசையோடு அப்படியே வந்தார்.

ஆனாலும் முகூர்த்தத்தை ஃபிலிமை நம்பி விட எனக்குத் துணிச்சல் இல்லை. ஃபிலிம் விலையும் எக்கச்சக்கம். 1960-ல் ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸையே மூடியாச்சே! டிஜிட்டலே பேசியிருக்கிறோம். ஒரே சமயத்தில் இரண்டு கார்டில் பதிவாகும் காமிராவாகக் கேட்டிருக்கிறேன். படங்கள் இரண்டு ஹார்டு டிஸ்கில் வரவேண்டும். ஒன்று இங்கே, ஒன்று அவிநாசியில் தம்பி வீட்டில். நூறு படமாவது பிரிண்ட் போட்டாகணும்.

மகளின் ஆசைக்கு ஒரே ஒரு கறுப்பு வெள்ளை ரோல். அந்த 36-ல் யார் யார் என்று லிஸ்ட் எழுதிவிட்டாள். முதல் பெயர் அவள் அம்மிச்சி. எண்பது வயசாகும் என் அம்மாவுக்கு ஒரே விசாரம்: "அதுல சீலைக் கலரு தெரியாதே, கண்ணு?"