பொருந்தாத போர்டு



பேரன் கேம் விளையாடத் தானே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறான். ரைசன் 5 7600 பிராசசரும் டிடிஆர்5 மெமரியும் வாங்கிவிட்டான். மதர்போர்டு என் செலவு என்றேன். மலிவாகக் கிடைத்ததே என்று, அவனைக் கேட்காமல் ஒன்றை வாங்கி வந்தேன்.

அது ஏஎம்4 போர்டு. அவனுடைய பிராசசருக்கு ஏஎம்5 சாக்கெட் வேண்டுமாம். மெமரியும் சேராது, ஏஎம்4-இல் டிடிஆர்4தான் உட்காரும்.

"போர்டு நல்ல போர்டுதான் தாத்தா. இதுக்குச் சேராது, அவ்வளவுதான்" என்றான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஓவியத்தில் கெட்டிக்காரனான ஒரு பையனை, நல்ல மதிப்பெண் எடுத்தான் என்று, அவனைக் கேட்காமலே கணிதப் பிரிவில் சேர்த்தவன் நான். பிளஸ் டூவில் தவறியபோது அவனைத்தான் திட்டினேன்.

தம்பி, இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுது. குறை உன்னிடம் இல்லையப்பா.