அளவறிந்த கோப்பை

திருப்பூருக்கும் இத்தாலிக்கும் உள்ள உறவு நூலால் பின்னப்பட்டது. 1978-ஆம் ஆண்டில் வெரோனா என்னும் இத்தாலிய இறக்குமதியாளர், பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாக இவ்வூருக்கு வந்து வெண்ணிறப் பனியன்களை வாங்கிச் சென்றார் என்பதைத் தொழில்துறையினர் இன்றும் நினைவுகூர்வர். அதன்பின் பனியன்கள் பெட்டி பெட்டியாக மேற்கே சென்றன. அங்கிருந்து வருவோர் கைகளில் சிற்சில வேளைகளில் சிவப்புத் திராட்சை இரசமும் வந்தது. பின்னலாடை நிறுவனமொன்றில் கணக்கெழுதி வாழும் எங்கள் இல்லத்திற்கும் அத்தகைய புட்டியொன்று அன்பளிப்பாக வந்து சேர்ந்தது. அதன் பெயர் ‘வால்போலிச்செல்லா’.

வட இத்தாலியில் வெரோனா என்றொரு நகரும் உண்டு. அந்நகருக்கு அருகிலுள்ள குன்றுகளே வால்போலிச்செல்லா. அம்மண்ணின் இரசம் ஒரே திராட்சையில் பிறப்பதன்று. கொர்வீனா என்னும் கருந்திராட்சை நூற்றுக்கு 45 முதல் 95 பங்கு வரை இருக்கலாம். செர்ரிப் பழத்தின் மணம் அதிலிருந்து வருகிறது. ரொந்தினெல்லா 5 முதல் 30 பங்கு. நிறத்திற்குத் துணை செய்வதோடு, நோய் தாங்கி நிலையாகக் காய்ப்பதும் அதன் சிறப்பு. முன்னாளில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட மொலினாரா இன்று விருப்பமானோர் சேர்ப்பது. அது மென்மையான புளிப்பைத் தரும்.

இதைப் புரிந்துகொள்ளத் திருப்பூர் மக்களுக்கு ஆசிரியர் தேவையில்லை. பருத்தி 95, லைக்ரா 5 என்று துணியின் சேர்மானத்தை அன்றாடம் எழுதுகிறவர்கள் நாம். அந்த ஐந்து பங்கு இல்லையேல் துணி உடலோடு இணங்கி நில்லாது. சிறுபான்மையாய் நிற்பது பயனற்றதன்று என்பதை நூலும் சொல்கிறது, இரசமும் சொல்கிறது. திருப்பலியில் அருள்தந்தை கிண்ணத்து இரசத்தோடு சில துளித் தண்ணீரைச் சேர்க்கும்போதும் இதே எண்ணம் நம் உள்ளத்தில் எழுகிறது.

பழங்களை மாதக்கணக்கில் உலர்த்திப் பிழியும் ‘அமரோனே’ என்னும் கடுமையான இரசமும் அதே குன்றுகளில் பிறக்கிறது. எங்களுக்கு வந்ததோ எளியது. நாவை இறுக்கும் துவர்ப்பு குறைவு. ஆண்டுக்கணக்கில் காத்து வைக்க வேண்டியதில்லை. புதிதாகச் சுவைப்போருக்கு இதுவே ஏற்றது.

சிவப்பு இரசத்தை அறையின் வெப்பநிலையில் பருகுக என்பர். அது குளிர்நாட்டு அறையைக் கருதிச் சொன்ன விதி. சித்திரை மாதத்துத் திருப்பூர் அறையில் அவ்விதி பொருந்தாது. எனவே புட்டியைக் குளிர்பெட்டியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வைத்தோம். 15 பாகை அளவில் இருந்தால் பழமணம் தெளிவாகத் தெரியும். வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கே ஊற்றினோம். சாயத்தின் நிறம் பார்ப்பது போல வெள்ளைத் தாளின் எதிரே பிடித்துப் பார்த்தோம், மாணிக்கச் சிவப்பு. மெல்லச் சுழற்றி முகர்ந்து, ஒரு மிடறு அருந்தி, பேசினோம்.

உணவில்லாமல் அருந்தலாகாது. மிளகாய் மிகுந்த கோழி வறுவலோடு வைத்தால், மதுவின் சூடும் காரமும் ஒன்றையொன்று வளர்த்து நாவை எரித்துவிடும். நெய் விட்ட அரிசிம்பருப்புச் சோறும், தேங்காய் அரைத்த மென்காரக் கறிக்குழம்பும் நன்கு இணங்கின. நால்வர் அருந்தியும் பாதிப் புட்டி எஞ்சியது. அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் கெடாது. எஞ்சியதை எஞ்சியதாகவே விட்டு எழத் தெரிவதும் இன்புறுதலின் ஒரு பகுதியே.

ஆயினும் இவ்வூரில் மதுவைப் பற்றி மகிழ்ந்து எழுதப் பேனா தயங்குகிறது. சனிக்கிழமை மாலை கூலி வாங்கிய கைகள் எங்கே செல்கின்றன என்பதை நாம் அறிவோம். 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடமே உள்ளது; கடைகளின் முன் நிற்கும் கூட்டத்தில் உணவும் இல்லை, உரையாடலும் இல்லை, மறதி ஒன்றே உண்டு. எங்கள் அன்பியத்தில் ஓவர்லாக் தைக்கும் சகோதரர் ஒருவர் இருக்கிறார். அந்தப் பிடியிலிருந்து அரும்பாடுபட்டு மீண்டவர். அவருடைய மனைவி ஒருநாள் தாழ்ந்த குரலில் சொன்னார்: “வாசம் பட்டாலே போதுங்க்கா, மனசு தடுமாறிப் போயிருவாருங்க.” அன்று முதல், அவர் வரும் நாளில் புட்டி மேசைக்கு வருவதில்லை என்பது எங்கள் இல்லத்தின் சட்டம். அன்று எல்லோருக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைச் சாறுதான். 1832-இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் அங்கே கொணர்ந்ததாகச் சொல்லப்படும் அத்திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சாறும் சிவப்பே, அதன் மணமும் குறைந்ததன்று.

கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவர் இரசத்தை மறுக்கவில்லை. குறைவுபட்ட இல்லத்தின் வெட்கத்தை நீக்கினார். சீராக்கின் ஞானம் 31-ஆம் அதிகாரம் அளவோடு அருந்தும் மகிழ்வையும் அளவு மீறியதன் கசப்பையும் அடுத்தடுத்தே வைக்கிறது. உரோமையருக்கு எழுதிய மடலின் 14-ஆம் அதிகாரத்தில் பவுலடியார் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார்: சகோதரர் இடறி விழக் காரணமாகுமெனில் இரசத்தைத் தவிர்ப்பதே நன்று என்பது அவர் அறிவுரை. முதலில் சொன்னது நம் அளவைக் காக்கிறது; பின்னது அடுத்தவரைக் காக்கிறது.

எனவே அன்பு வாசகரே, அத்தகைய புட்டி உங்கள் இல்லம் வந்தால், குளிர்வித்து, உணவோடு, சிறிதளவே, நிதானமாய்ச் சுவையுங்கள். ஆனால் திறப்பதற்கு முன், மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் யார் யார் என்று ஒருமுறை பாருங்கள்.