விழப் படித்த மணல்

2018இல் ஒரு மத்தியானம், எங்கள் பள்ளிக்கூடத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. தலை நரைத்து, முகம் தளர்ந்துபோன ஒரு மனிதர். "ஏல, இது யாருன்னு சொல்லுங்கல பாப்போம்" என்று ஒருத்தன் கேட்டிருந்தான். "நம்ம தெரு பழைய தபால்கார அண்ணாச்சியா?" என்றான் இன்னொருத்தன்.

ஜெட் லீ. 1982இல் 'ஷாவோலின் டெம்பிள்' படத்தில் பம்பரமாகச் சுழன்ற அந்தப் பையன். குழுவில் அந்தப் புகைப்படம் வந்தபோது அவருக்கு வயது 55தான். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய் தனக்கு இருப்பதை 2013இலேயே சொல்லியிருந்தார். பழைய காயங்கள் வேறு. மறுநாள் காலையில் குழுவில் யாரும் குட் மார்னிங் படம்கூடப் போடவில்லை.

எனக்கு அன்றைக்கு முழுக்கக் குறுக்குத்துறை மணல்தான் ஞாபகம்.

குறுக்குத்துறை, திருநெல்வேலியில் தாமிரபரணிக்குள் முருகன் உட்கார்ந்திருக்கிற இடம். பெருவெள்ளம் வந்தால் கோயில் முங்கிவிடும். அதற்கு முன்னாலேயே உற்சவரைக் கரைக்கு எடுத்துப் போய்விடுவார்கள். நான் ஏழாம் வகுப்பு படித்த 1986இல் அங்கே கணுக்கால் புதைய மணல் கிடந்தது. அந்த மணலில்தான் மாஸ்டர் எங்களுக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்தார்.

உண்மையில் அவர் சிலம்ப வாத்தியார். அப்பா, தாத்தா என்று கம்பு சுற்றிய குடும்பம். 1983 பொங்கலுக்கு 'பாயும் புலி' வந்தது. ரஜினி குங்ஃபூ படித்துவிட்டு வந்து வில்லன் ஆட்களைப் பந்தாடினார். அதற்கு முந்தின வருசம்தான் 'ரங்கா'வில் அவரோடு கராத்தே மணி நடித்திருந்தார். பேருக்கு முன்னால் 'கராத்தே' என்று போட்டுக்கொள்வதே ஒரு பட்டமாக இருந்த காலம். கம்புக்கு வந்த பையன்கள் ஒவ்வொருத்தராக நின்றுவிட்டார்கள். "குங்ஃபூ சொல்லித் தருவியளா அண்ணாச்சி?" என்று வாசலில் வந்து கேட்டவர்கள்தான் மிச்சம். அவர் யோசித்தார். எங்கேயோ ஆறு மாதம் போய்ப் படித்துவிட்டு வந்து, தகரப் பலகையில் 'கராத்தே' என்று பெரிதாகவும் 'சிலம்பம்' என்று பொடியாகவும் எழுதி மாட்டினார். வாத்தியார் மாஸ்டரானது அப்படித்தான்.

விடியக்காலம் ஐந்தரைக்கு வகுப்பு. "இச்சி, நீ, சான், சி" என்று ஜப்பான் பாஷையில் எண்ணுவோம். துறையில் துணி துவைக்கிற அக்காமார், "இச்சு இச்சுங்கானுவ, காலங்காத்தால யாருக்குல முத்தம்?" என்று சிரிப்பார்கள். மாஸ்டருக்கும் சிரிப்பு வரும். அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

முதல் மூன்று வாரம் ஒரு குத்து இல்லை, ஒரு உதை இல்லை. "மொதல்ல விழப் படிங்கல. அடிக்கதுக்குப் பொறவு படிக்கலாம்." பின்னால் விழுந்தால் நாடி நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும்; பின்மண்டை தரையில் படக்கூடாது. கையை ஊன்றக்கூடாது, ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். முதுகு தொடுகிற அதே நொடியில் இரண்டு உள்ளங்கையாலும் மணலை ஓங்கி அறைய வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவனை எழுப்பி மறுபடி தள்ளுவார். வீட்டுக்குப் போனால் காதிலும் மண்டையிலும் மணல் உதிரும். அம்மா ஏசுவாள்.

அந்த வருசம் கோயில் கொடைக்கு வாடகைக்கு டெக் எடுத்து, விடிய விடியப் படம் போட்டார்கள். அதில் ஒன்று ஷாவோலின் மடத்தின் 36ஆவது அறை பற்றிய 1978ஆம் வருசத்து ஹாங்காங் படம். 'பாயும் புலி'க்கு மூலம் அதுதான் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. மொட்டைத் தலையோடு கார்டன் லியூ, மேற்கையில் கத்திகளைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டியபடி தண்ணீர் வாளி சுமப்பார். கை தாழ்ந்தால் விலாவில் கத்தி குத்தும். மறுநாள் குறுக்குத்துறைப் படித்துறையில் ஆறேழு பேர் கையை நீட்டிக்கொண்டு வாளியோடு ஏறிக்கொண்டிருந்தோம். கத்திக்குப் பதிலாக வேப்பங்குச்சி.

திரையில் அடிதடி செய்தவர்களுக்கு வயதானால் என்ன வேடம் கிடைக்கிறது என்று பிற்பாடு பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தக் கார்டன் லியூவே 2004இல் 'கில் பில்' இரண்டாம் பாகத்தில் வெள்ளைத் தாடியை நீவிக்கொண்டு சீடப் பெண்ணை வாட்டி எடுக்கிற குருவாக வந்தார். ஜாக்கி சான் 1978இல் 'ட்ரங்கன் மாஸ்டர்' படத்தில் குடிகாரக் கிழவரிடம் படாத பாடு பட்ட சீடன்; 2010இல் 'கராத்தே கிட்' படத்தில் ஒரு சின்னப் பையனுக்கு வித்தை சொல்லித்தருகிற பராமரிப்புத் தொழிலாளி. நம் ஷிஹான் ஹுசைனி 1986இல் 'புன்னகை மன்னன்' மூலம் சினிமாவுக்கு வந்தவர். 2001இல் 'பத்ரி'யில் விஜய்க்குப் பயிற்சியாளர். அர்ஜுன் மாதிரி சிலர் 'இரும்புத்திரை' போன்ற படங்களில் வில்லன் பக்கம் போனார்கள். மற்றபடி பலருக்கும் கடைசியில் கிடைத்தது வாத்தியார் வேடம்தான். எங்கள் மாஸ்டருக்கு முதலிலிருந்தே அந்த வேடம்தான். சம்பளம் மட்டும் இல்லை.

ஜாக்கி சானை எங்களுக்குப் பிடித்ததற்குக் காரணம் அவர் விழுந்ததுதான். படம் முடிந்து எழுத்து ஓடும்போது, எடுக்கும்போது தவறி விழுந்ததையெல்லாம் காட்டுவார்கள். ஆபரேட்டர் அவசரப்பட்டு லைட்டைப் போட்டுவிட்டால் தியேட்டரே கத்தும். 1986இல் வந்த 'ஆர்மர் ஆஃப் காட்' எடுக்கும்போது மரத்திலிருந்து விழுந்து அவர் மண்டையோடே உடைந்துபோனது. அந்த விசயத்தை மாஸ்டரிடம் சொன்னபோது, "கீழ மணல் இல்லையோ?" என்று மட்டும் கேட்டார். 2008இல் 'தசாவதாரம்' பாடல் வெளியீட்டுக்கு ஜாக்கி சென்னை வந்தார். மேடையில் கிடந்த காகிதத்தை அவரே குனிந்து பொறுக்கினார் என்று பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். 2016இல் கௌரவ ஆஸ்கர் வாங்கினார். அன்றைக்கு எங்கள் குழுவில் ஒரே கும்மாளம்.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. 2011இல் கார்டன் லியூவைப் பக்கவாதம் சாய்த்தது. சக்கர நாற்காலி, பராமரிப்பு இல்லம் என்று ஆனது. கையை நீட்டி வாளி சுமந்தவர். ஹுசைனி சினிமாவை விட வில்வித்தை சொல்லிக்கொடுப்பதில்தான் அதிக காலம் இருந்தார். ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் ஆஸ்பத்திரியிலிருந்து தெம்பாகப் பேசி வீடியோ போட்டார். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதாகச் சொன்னார். 2025 மார்ச் 25 அன்று இறந்துபோனார்.

அந்தச் செய்தி வந்த கொஞ்ச நாளில் ஊருக்குப் போனபோது குறுக்குத்துறைக்குப் போனேன். மணலைக் காணோம். கல்லும் சகதியும், ஓரத்தில் அமலைச் செடியும். நாற்பது வருசத்தில் லாரி லாரியாக அள்ளியது போக மிச்சம் என்ன இருக்கும்? விழ வேண்டும் என்று தோன்றினாலும் விழ இடம் கிடையாது.

மாஸ்டர் வீட்டு மச்சில் வகுப்பு நடத்துகிறார். பழைய தகரப் பலகை 2023 டிசம்பர் வெள்ளத்தோடு போய்விட்டதாம். புதுப் பலகையில் 'சிலம்பம்' பெரிதாக இருக்கிறது, 'கராத்தே' பொடியாக. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்த பிறகு கம்பைத் தேடிப் பிள்ளைகள் வருகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சலாம் வரிசை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டருக்கு எழுபத்தைந்து வயது. போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தாராம். "ஒண்ணும் ஆகலையா மாஸ்டர்?" என்றேன். "விழத் தெரியும்லா" என்று சிரித்தார். பிறகு, "ஆனா கீழ சிமெண்டுடே" என்று தோளைத் தேய்த்துக்கொண்டார்.

நான் படித்த காலத்தில் மாத ஃபீஸ் இருபது ரூபாய். நான் ஏழு மாதம் பாக்கி வைத்துவிட்டு நின்றவன். அந்த 140 ரூபாயை அன்றைக்குக் கொடுக்கப் போனேன், அவர் வாங்கவில்லை. உங்கள் பிள்ளைகளை யாரிடமாவது கம்புக்கோ கராத்தேக்கோ அனுப்பினால், மாசம் பிறந்ததும் ஃபீஸைக் கொடுத்துவிடுங்கள். பிறகு கொடுத்தால் வாங்கமாட்டார்கள்.